மிதமாக ஓவர்கிளாக் பண்ணச் சொன்ன மைத்துனனுக்கு

என் அன்புக்கும், கொஞ்ச நாளாக என் கோபத்துக்கும் உரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் நலமாக இருக்கிறோம். போன வாரம் இந்த வாக்கியத்தை என்னால் எழுதியிருக்க முடியாது. இன்று தாராளமாக எழுதலாம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? சௌக்கியம் இல்லையென்றால் உடனே தெரியப்படுத்து. சௌக்கியம் என்றால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைப் படி. நின்றபடி படித்து முடிக்கிற கடிதம் இல்லை இது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் அக்காவின் காது உனக்குத் தெரியாததா? நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தாலும் சமையலறையிலிருந்து பதில் வரும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அது கடைசியில் வருகிறது. இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

முதலில் நீ செய்த வேலையைச் சொல்கிறேன். அன்றைக்கு உன் அக்கா போனில் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது என்று உன்னிடம் அழுதாள் அல்லவா? நீ என்ன சொன்னாய்? "பழசைத் தூக்கிப் போடுக்கா. நல்ல மதர்போர்டு, நல்ல மெமரியாப் பாத்து வாங்கி, மிதமா ஓவர்கிளாக் பண்ணிக்கோ, பறக்கும்" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். அந்த "மிதமா" என்பது எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்திருந்தால் உன் குடி முழுகியிருக்குமா? உன் மீட்டிங் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மீட்டிங் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"ஓவர்கிளாக்னா என்ன?" என்று உன் அக்காவைக் கேட்டேன். "பிராசஸர், மெமரியெல்லாம் இவ்வளவு வேகத்துல ஓடினாப் போதும்னு கம்பெனிக்காரங்க எழுதியிருப்பாங்க. அதைவிடக் கொஞ்சம் கூட ஓட்டறது" என்றாள். உன் அத்தான் யார்? பாய்லர் இன்ஸ்பெக்டர். கம்பெனிக்காரன் எழுதிய அளவுக்கு மேல் எவனாவது ஓட்டுகிறானா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன். ஆவியின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும், அந்த ஆலை முதலாளி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மூடு என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, என் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே, என் சொந்தப் பெண்டாட்டியே சிவப்புக் கோட்டைத் தாண்டப் போகிறேன் என்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் நிலைமை உனக்குத் தெரியும். கட்டடப் படம் போடும் அந்த அலுவலகம் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது. இரண்டு பஸ் மாறிப் போக முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முதலாளியம்மா நல்ல மாதிரிதான். "வீட்டிலேருந்தே செய்ங்க. ஆனா எங்க வேகத்துக்கு வரணும். இந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை மட்டும் திங்கட்கிழமை காலைல குடுத்துடுங்க, அதைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். உன் அக்காவின் வேலை என்னவென்று நீ ஒருமுறை கேட்டாயே, இதுதான்: இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போல ஒரு சினிமா எடுப்பது. வரைவது இவள். அதைப் படம் படமாகக் கணக்குப் போட்டுச் சினிமாவாக்குவது கம்ப்யூட்டர். பழைய கம்ப்யூட்டரிடம் அந்த ஆஸ்பத்திரியை விட்டால், வாசல் கதவைத் திறப்பதற்குள் நிஜ ஆஸ்பத்திரியையே கட்டி முடித்துவிடுவார்கள். "இந்த வேலை போச்சுன்னா நான் வீட்டுல உக்காந்து என்ன பண்றது? உங்க பாய்லர் கதையைக் கேட்டுக்கிட்டு இருக்கவா?" என்றாள். கேட்டால் என்ன என்று வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

சரி, வாங்குவதே வாங்குகிறோம், தேர்ந்தெடுக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அளவுக்கு மேல் ஓட்டத்தான் போகிறார்கள் என்றால், தாங்குகிற சாமானாவது நம் கையால் பார்த்து வாங்குவோம் என்ற எண்ணம். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்பவர் ஒருவர் இருக்கிறார். கடை முழுக்கக் கலர் கலராக விசிறிகள் சுற்றும், அதனால் நாங்கள் அவருக்கு விசிறியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே போனதும் "எந்த மாதிரி போர்டு சார்?" என்றார். "சேஃப் ஒர்க்கிங் லிமிட் எவ்வளவு?" என்றேன். "எதுக்கு சார்?" "இந்தப் போர்டுக்குத்தான்." அவர் உன் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது மதர்போர்டு. லிஃப்ட் இல்ல" என்றார். மதர்போர்டு என்றால் எல்லாச் சாமானும் வந்து செருகிக்கொள்கிற பெரிய பலகை, அதுகூடத் தெரியாமலா போனேன்? டெஸ்ட் சர்ட்டிபிகேட் உண்டா என்று கேட்டதற்கு வாரண்டி அட்டையை நீட்டினார். அதில் ஓவர்கிளாக் செய்து கெட்டுப்போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை உன் அக்காவிடம் காட்டினேன். "மூக்குக் கண்ணாடி இல்லாமயே இதெல்லாம் மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள்.

விசிறியார் மூன்று போர்டுகளை எடுத்து வைத்தார். முதலாவது சின்னது, சாதுவாக இருந்தது. "இதுல வேகத்தை மாத்தவே முடியாது சார், கம்பெனியே பூட்டி வச்சிருக்கு" என்றார். எனக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "இதையே பில் போடுங்க" என்றேன். உன் அக்கா பார்த்த பார்வையில் விசிறியாரே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கடைசிப் போர்டு ஒரு கல்யாண வீடு. விளக்கு, அலங்காரத் தகடு, ஒரு மூலையில் குட்டி டிவி வேறு. அதைத்தான் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். நான் விடுவேனா? "பிராசஸருக்குக் கரண்ட் எந்த வழியா உள்ள போகுது, அதைக் காட்டுங்க" என்றேன். பிராசஸர் உட்காரும் இடத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டிகள். கரண்டைப் பக்குவப்படுத்தி அனுப்புவது அவைதான். வேகத்தைக் கூட்டினால் முதலில் சூடாவதும் அவைதான். ஆக, நம் பாஷையில் சொன்னால், அதுதான் அடுப்படி. நடுவில் இருந்த போர்டில் அந்த இடத்தின் மேல் தடித்த உலோகக் கட்டி உட்கார்ந்திருந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். கல்யாண வீட்டுப் போர்டைத் தட்டினேன். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் மூடி! தகட்டைத் தட்டிச் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன என்று சொல்கிற தொழில் நம்முடையது மச்சான். "சார், தட்டாதீங்க சார்" என்று விசிறியார் கத்திக்கொண்டே இருந்தார். நடுப் போர்டை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மெமரி. இங்கேதான் எனக்கும் உன் அக்காவுக்கும் கடையில் வைத்தே மூண்டது. போர்டில் மெமரி செருக நாலு இடம். நாலிலும் போட வேண்டும் என்று அவள். "இடம் இருக்குல்ல, எதுக்குக் காலியா விடணும்?" என்றாள். வீட்டில் அலமாரி வாங்கினாலும் இதே பேச்சுத்தான். இடம் இருக்கிறதே என்று வாங்கி அடுக்கியதெல்லாம் இன்று என் சட்டையை வெளியே தள்ளிவிட்டது. வேகத்தைக் கூட்டப்போகிறோம் என்றால் நாலைவிட இரண்டுதான் நல்லது, நாலு போட்டால் போர்டுக்கு இழுவை அதிகம் என்று எங்கோ படித்திருந்தேன். விசிறியாரைக் கேட்டால், "ரெண்டும் ஓடும் சார், நாலும் ஓடும் சார்" என்றார். நாலு விற்கிறவர் வேறென்ன சொல்வார்? பெரிய அளவில் இரண்டு என்று பேசி முடித்தோம். அடுத்து, எந்த மெமரியெல்லாம் இந்தப் போர்டோடு ஓட்டிப் பார்த்திருக்கிறோம் என்று போர்டுக் கம்பெனி ஓர் அட்டவணை போட்டிருக்கிறது, அதில் இருப்பதைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தேன். விசிறியார் தன் போனில் அதைத் தேடி எடுப்பதற்குள் மூன்று பேர் விசிறி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அக்கா ஆசைப்பட்டது தலையில் சேவல் கொண்டை மாதிரித் தகடு வைத்த மெமரி. அதைப் போட்டால் பிராசஸர் மேல் உட்காரும் கூலர் இடிக்கும் என்று கடை ஸ்கேலை வாங்கி அளந்து காட்டினேன். கடைசியில் கொண்டை இல்லாத, குட்டையான, அட்டவணையில் உள்ள, ரொம்ப வேகமும் இல்லாத ரொம்ப மந்தமும் இல்லாத இரண்டு மெமரி. "மாப்பிள்ளை பாக்கக்கூட எங்க அப்பா இவ்வளவு பாக்கல" என்றாள் உன் அக்கா. அதில் உள்குத்து இருக்கிறதா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய துணி விரித்து, இருவருமாகப் பூட்டினோம். திருகாணி அவள், டார்ச் நான். மெமரியை நான் பக்கத்துப் பக்கத்து இடத்தில் அழகாகச் செருகினேன். ஒன்று விட்டு ஒன்றில் செருக வேண்டும் என்று கையேட்டில் கண்டுபிடித்து அவள் என்னைத் திட்டினாள். மாற்றிச் செருகினேன். எல்லாம் சரி என்றதும் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. போர்டின் ஓரத்தில் மெமரி என்று எழுதிய இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமில்லை. கறுப்பு. நாங்கள் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது. மஞ்சள் விளக்கு மட்டும் முறைத்தபடி இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: உள்ளே நெருப்பு இருக்கிறது, கேஜ் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு நொடிகூட நிற்காதே, மூடு. மூடினேன்.

மறுபடி போட்டாள். மஞ்சள். கறுப்பு. மூடினேன். மெமரியைக் கழற்றி ஊதி மறுபடி செருகிப் போட்டோம். மூடினேன். ஒரு மெமரியை மட்டும் வைத்துப் போட்டோம். மூடினேன். "கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள். "பொறுத்துப் பொறுத்து எத்தனை ஆலை தீப்பிடிச்சிருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. விசிறியாருக்குப் போன் போட்டால், "தட்டினீங்களே சார், அப்பவே நெனச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் தட்டியிருப்பேன். மத்தியானம் வந்து பார்க்கிறேன், சரியாகவில்லை என்றால் போர்டை எடுத்துக்கொண்டு போகிறேன், ஆனால் புதிது வர அடுத்த வாரம் ஆகும் என்றார். அடுத்த வாரம் என்றால் திங்கட்கிழமை கோவிந்தா.

உன் அக்கா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டினால் பழகிவிட்டது. கடைசியாக ஒருமுறை சுவிட்சைப் போட்டாள், கறுப்புத் திரையைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். முதலாளியம்மாவிடம் முடியாது என்று சொல்லத்தான் போகிறாள் என்று புரிந்துவிட்டது. தடுப்பதற்காக நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடினவன் சும்மா ஓடியிருக்கலாம். பெட்டி திறந்து கிடக்கிறதே, தூசி உள்ளே போய்விடுமே என்று பால்கனிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கக் கைப்பிடி கழன்று போய் ரொம்ப நாளாகிறது. மாட்டித் தருகிறேன் என்று நான்தான் அதை வாங்கி மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆக, நாங்கள் இருவரும் பால்கனியில். கதவு பூட்டிக்கொண்டது. கைப்பிடி டிராயரில். சன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் மேஜை மேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, மூட ஒரு கை இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆளில்லாமல் ஓடுகிற அடுப்பு! கண்ணாடியை உடைக்கிறேன் என்று தொட்டிச்செடியைத் தூக்கிவிட்டேன். "அதை வச்சுட்டு உக்காருங்க, மத்தியானம் விசிறியார் வந்து திறப்பார்" என்றாள் உன் அக்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது. செடியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் இன்னும் முதலாளியம்மாவுக்குப் போன் போடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வேலை எனக்கு எதுக்குப் பிடிக்கும் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "இன்னும் கட்டாத கட்டடத்துக்குள்ள முதல் முதல்ல நடக்கறது நான்தான். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு. மாடிப்படி ஏறுவேன், வராந்தா முழுக்கப் போவேன், ஒரு வலி கிடையாது. அது போயிடுமோன்னுதான்..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மச்சான், இத்தனை வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படியாவது அந்தப் பாழாய்ப்போன பெட்டி ஓடிவிட்டால் போதும், எந்தக் கோட்டை வேண்டுமானாலும் தாண்டட்டும் என்று அந்த நிமிஷம் மனசார நினைத்தேன்.

அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ தெரியாது. "மஞ்சள் விளக்கைக் காணோம்" என்றாள் திடீரென்று. திரும்பினேன். விளக்கு அணைந்திருந்தது. போச்சு, புகைந்துவிட்டது என்று எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால், திரை பளிச்சென்று வெளிச்சமாக இருக்கிறது! போர்டின் பெயர், மெமரி இவ்வளவு, பிராசஸர் இன்னது என்று கட்டம் கட்டமாக எழுத்து! உன் அக்கா முழங்காலை மறந்து குதித்தாள். நானும் குதித்தேன். கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து விசிறியார் வந்தார். வாசல் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே வந்தவர், கண்ணாடிக்கு வெளியே நாங்கள் குதிப்பதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முதலில் எங்களைத் திறந்துவிட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லாத்தானே இருக்கு? எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?" என்று கண்ணாடி வழியே கேட்கிறார். கதவைத் திறந்தபின்தான் விஷயமே தெரிந்தது. புது மெமரியை முதல் தடவை போட்டால், போர்டும் மெமரியும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகுமாம். அதுவரை மஞ்சள் விளக்கு எரியும், திரை கறுப்பாகத்தான் இருக்குமாம். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். "நான் சொல்லலையா?" என்றார். "சொல்லல" என்றோம் இருவரும் ஒரே குரலில். ரொம்ப நாளைக்குப் பிறகு எங்களுக்குள் ஒற்றுமை.

அவர் போனதும் உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். "அந்தச் சாயப்பட்டறைக் கதையைச் சொல்லுங்க" என்றாள். உனக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: ஆறிப்போன பாய்லரை அவசர அவசரமாகச் சூடேற்றப் பார்த்த ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டு, மெதுவாகத்தான் சூடாக வேண்டும், குளிர்ந்த பாய்லரை விரட்டாதே என்று பட்டறை முதலாளி முன்னாலேயே காலையிலிருந்து காவலுக்கு நின்றேனே, அந்தக் கதை. "ஊருக்கெல்லாம் பொறுமையா இருன்னு சொன்ன மனுஷன், மெமரிக்கு மட்டும் மூச்சு விட நேரம் குடுக்கலையே" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே கைப்பிடியையும் மாட்டினேன்.

அப்புறம் ஓவர்கிளாக். அவள் "மிதம்" வேறு, என் "மிதம்" வேறு. மெமரியை அதன் அட்டையில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏற்ற வேண்டும், பிராசஸரைக் கொஞ்சம் தள்ள வேண்டும் என்றாள். அந்த அட்டை வேகமே மெமரிக் கம்பெனிக்காரன் கொடுக்கிற தைரியம்தான், சும்மா விட்டால் அது மெதுவாகத்தான் ஓடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு படியாக ஏற்றினாள். ஒவ்வொரு படிக்கும் நான் என் பழைய தெர்மாமீட்டரை அந்த உலோகக் கட்டியில் வைத்துப் பார்த்தேன். சோதனை ஓட்டம் என்று ஒரு புரோகிராமை விட்டு அதைப் பாடாய்ப் படுத்தினாள். விசிறி ஊளையிட்டதே தவிர, ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மேல் வேண்டாம் என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்திக்கொண்டாள். அதுவே எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்போதுதான் அந்த விஷயம். பக்கத்தில் யாரும் இல்லையே? சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியை ஓடவிடப் போகிறேன், குளித்துவிட்டு வந்து ஆரம்பிக்கிறேன் என்று அவள் போனாள். நான் தனியாக அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பால்கனியில் நினைத்ததெல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் விடாமல் ஓட வேண்டும், நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்? அவள் ஆஸ்பத்திரி போய்விடும், அவள் வேலை போய்விடும், அந்த வராந்தாவில் அவளால் நடக்க முடியாமல் போய்விடும். மனசு கேட்கவில்லை மச்சான். அவள் எப்படிச் செய்தாள் என்று பார்த்து வைத்திருந்தேன். வேகத்தை மாற்றுகிற அந்த அமைப்புக்குள் போய், எல்லாவற்றையும் கம்பெனிக்காரன் சொன்ன பழைய சாதாரண வேகத்துக்கே இறக்கிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பால் வாங்குகிற சாக்கில் தெருவுக்கு இறங்கிப் போய், இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன். வந்தபோது ஓட ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே முடிந்துவிட்டது! ஒரு தடங்கல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. திங்கட்கிழமை காலையில் முதலாளியம்மாவே போன் செய்தாள். "எங்க ஆபீஸ் மெஷினைவிடச் சீக்கிரமா இருக்கே, இனிமே நீங்க வீட்டிலேருந்தே செய்ங்க" என்று சொல்லிவிட்டாள். உன் அக்கா போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். வாசலில் ஆரம்பித்து, மாடிப்படி ஏறி, அந்த நீள வராந்தா முழுக்க நடந்தோம். நல்ல வெளிச்சமான ஆஸ்பத்திரி. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆக, இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது? ஓவர்கிளாக் என்பதே தேவையில்லாத வேலை. சாதாரண வேகத்திலேயே ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. எல்லாம் உன் யோசனையால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். நான் தினமும் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறது. இந்த ரகசியம் உன்னோடு இருக்கட்டும். உன் அக்காவுக்குத் தெரிந்தால் என்னை மறுபடி பால்கனியில் வைத்துச் சாத்திவிடுவாள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல புத்தியோடு, எந்தச் சிவப்புக் கோட்டையும் தாண்டாமல் நூறு வயசு வாழ அத்தானின் ஆசி. உனக்கு ஆசியில் பாதிதான், மீதி நீ மீட்டிங்கை நிறுத்தினால். உறையை ஒட்டும் பசை உன் அக்காவின் மேஜையில் இருக்கிறது, அவள் மாடியில் துணி உலர்த்தி முடிப்பதற்குள் எடுத்து ஒட்டிவிட வேண்டும். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
எந்த நாளும் உன் நலம் நினைக்கும் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. கையெழுத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும். பசை என் மேஜைல இல்லைன்னு உங்க அத்தான் உள் ரூம்ல டிராயர் டிராயரா இழுத்துக்கிட்டு இருக்கார், கடுதாசி என் மேஜை மேல விரிச்சபடி கெடக்கு. என் தம்பிக்குப் போற கடுதாசியை நான் படிக்காம வேற யார் படிப்பா? அன்னிக்கு நான் குளிச்சுட்டு வந்தப்ப, கீபோர்டு பக்கத்துல அவரோட மூக்குக் கண்ணாடி இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ள போய்ப் பாத்தா வேகமெல்லாம் கீழ எறங்கிக் கெடக்கு. அவர் பால் வாங்கப் போன நேரத்துல எல்லாத்தையும் பழைய இடத்துக்கு ஏத்திட்டேன். கூட ஒரு படி. அதனாலதான் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சது. சாதாரண வேகத்துல ஓடியிருந்தா திங்கள் மத்தியானம் ஆயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். இன்னிக்கும் அந்த வேகத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கு. அவர் அது மேல கை வச்சுப் பாத்து, "சாதாரண வேகத்துக்கு எவ்வளவு சில்லுன்னு இருக்கு பாத்தியா"ங்கறார், நானும் ஆமாங்கறேன். சொல்லிடாதே, ராத்திரி நல்லாத் தூங்கறார். ஒண்ணு மட்டும் செய். அந்தப் போர்டும் மெமரியும் இவ்வளவு தாங்குதுன்னா அது அவர் தட்டிப் பாத்து, அளந்து பாத்து, அடம்பிடிச்சு வாங்கினதாலதான். நான் சொன்னா எதுக்குச் சொல்றான்னு சந்தேகப்படுவார். நீயாத் தோணி எழுதற மாதிரி, நல்ல சாமானாப் பாத்து வாங்கியிருக்கீங்க அத்தான்னு ஒரு வரி எழுதிப் போடு.